பொய்ப் பெயர் வைத்த வரி ஃபோல்டர்

போன வருடம் நவம்பர் கடைசி வாரம். முந்தலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஐஸ் கொம்பனியில்தான் எனக்கு வேலை. படகுகளுக்கும் இறால் பண்ணைகளுக்கும் ஐஸ் கொடுப்பவர்கள். முகாமையாளரை விட்டால் அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர், எங்களுக்கு ஒரே கம்பியூட்டர். நான் கடிதங்கள், பில்கள் பார்ப்பேன். மற்றவர் பக்கத்து ஊரான உடப்பைச் சேர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர்; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். லொறிகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு.

அவருக்கு வாய் ஓயாது. யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் புது இயந்திரம் வாங்கினார்கள் என்று காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் கடற்கரை முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது.

சனி, ஞாயிறுகளில் நான் பிறந்தநாள் கேக் செய்கிறேன். ஊரில் எல்லோரும் என் மனைவி செய்வதாகத்தான் நினைத்திருந்தார்கள். ஓடர் எடுப்பதும் பேசுவதும் அவள். மாவு கலப்பதிலிருந்து ஐசிங்கில் ரோசாப்பூ போடுவது வரை என் கை. நாற்பது வயது மனுசன் ரோசாப்பூ போடுகிறான் என்று தெரிந்தால் ஐஸ் ஏற்றும் ஆட்கள் என்னை விடுவார்களா? அதோடு, வெளிவேலை செய்வதானால் முகாமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. நான் சொல்லவில்லை.

கேக் வருமானத்தையும் சேர்த்து வரி விபரத்திரட்டு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தபோதுதான் சிக்கல் வந்தது. வீட்டில் கம்பியூட்டர் இல்லை. அதனால் வங்கிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, ஓடர் விபரம், கேக் படங்கள் எல்லாவற்றையும் அலுவலகக் கம்பியூட்டரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டேன். யாரும் திறக்கக் கூடாதே! யோசித்து யோசித்து, 'ஐஸ் மெஷின் பழைய திருத்தம்' என்று பெயர் வைத்தேன். இதைவிடச் சப்பென்ற பெயர் உலகத்தில் கிடையாது என்று எனக்குள் ஒரே பெருமை.

விபரத்திரட்டு அனுப்ப இன்னும் இரண்டே நாள் இருந்தது. முந்தின நாள் லீவு எடுத்திருந்த நான், அன்று காலை வந்து கம்பியூட்டரைப் போட்டேன். ஃபோல்டரைக் காணவில்லை. மற்ற எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. என்னுடையது மட்டும் இல்லை.

வெளியே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று பட்டது. இது உடப்புக்காரருடைய வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் வரும் வரை பொறுக்கவும் இல்லை. நேரே முகாமையாளரிடம் போனேன்.

"சேர், என்ட ஒபிஸ் ஃபைல் ஒண்டக் காணல்ல. நேத்து கம்பியூட்டர்ல இருந்தவர் அவர் மட்டும்தான்."

ஒபிஸ் ஃபைல் என்று சொன்னேன். அதுவும் பொய்.

இறங்குதுறைக்குப் போய்விட்டு அவர் அப்போதுதான் உள்ளே வந்தார். முகாமையாளர் அவரை மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, மற்றவர்களின் ஃபைலில் உங்களுக்கு என்ன வேலை என்று பிடித்து ஏசினார். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்கிற மனுசன், அன்று தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழைதான் சேர். இனித் தொடமாட்டன்" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்து என் கையில் வைத்தார்.

"நானா, இன்டைக்குக் கம்பியூட்டர் திருத்துற ஆள் வாறார். எல்லாத்தையும் திறந்து பாப்பார், சிலவேளை அழிச்சும் போடுவார். நீங்க லீவில இருந்தீங்க, போனும் எடுக்கல்ல. அதான் உங்கட சாமானை இதில எடுத்துப்போட்டு அங்கால அழிச்சனான்."

"உள்ளுக்கு என்ன இருக்குன்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆவணி மாசம் ஐஸ் மெஷின் நிண்டுது தானே? பழைய திருத்தப் பில்லைத் தேடினன். நீங்கதானே அந்தப் பேர் வச்சிருந்தீங்க! திறந்தா ஒரே கேக்." அவர் சிரித்துவிட்டார். "உங்கட வரிக் கடுதாசியைப் பாத்ததும் மூடிப்போட்டன். என்ட மகள்ட பிறந்தநாளுக்கு உங்கட வீட்டிலதான் கேக் எடுத்தனான். படகு வச்ச கேக். அலை நல்லா வந்திருந்தது நானா."

ஆவணியிலிருந்து மூன்று மாதம்! அந்த மூன்று மாதமும் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசியவர், என் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சற்று முன் ஏச்சு வாங்கியபோதும், உண்மையைச் சொன்னால் நான் அகப்பட்டுவிடுவேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி" என்றேன்.

திரும்ப முகாமையாளரிடம் போனேன். கேக்கிலிருந்து பொய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்ற எண்ணம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாக ஒரு முறை பார்த்தார். பிறகு உடப்புக்காரரை உள்ளே கூப்பிட்டு, என் முன்னாலேயே, "நான் விசாரிக்காம ஏசிட்டேன்" என்றார். எனக்கும் வாங்க வேண்டியது கிடைத்தது. ஏச்சு முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "சீனி குறைச்சுச் செய்வீங்களா? எனக்கு டயபிட்டிஸ்" என்று கேட்டார். உடப்புக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

திருத்த வந்தவரிடம் சொல்லி, அன்றே எங்கள் இருவருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் போட்டார்கள். விபரத்திரட்டை மறுநாள் ஒரு ஃபோன் கடையில் காசு கொடுத்து அனுப்பினேன். இப்போது அந்தக் கோப்புகள் என் பென் ட்ரைவிலும் வீட்டு அலுமாரியிலும் மட்டும்தான். கேக் விஷயத்தை நானே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்; ஐஸ் ஏற்றும் ஆட்கள் என்னைக் 'கேக் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பயந்த அளவுக்கு அது ஒன்றும் கூசவில்லை.

ஆனால் யாராவது இன்னொருவரைப் பற்றி, 'அவர்ட வாயில ஒண்டும் நிக்காது' என்று சொல்லத் தொடங்கினால், எனக்காக அந்த மேசைக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற மனிதரின் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது. அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ள எனக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.