ஒரு பக்கக் கைப்பிடி

கண்டக்டர் ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர்தான். தெருவில் யாருக்கும் அவரை வேறு பெயரில் கூப்பிடத் தோன்றியதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ஓடுகிற பேருந்தில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதர். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பை இருக்கையின் முதுகில் சாய்த்துக்கொண்டு நிற்பார். டிரைவர் எப்படி பிரேக் போட்டாலும் அசையமாட்டார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. "கம்பியைப் பிடிங்க, கம்பியைப் பிடிங்க" என்று ஊருக்கெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாரே தவிர, தான் பிடித்ததில்லை.

அவர் குடியிருந்தது ஒரு படிக்கட்டுத் தெரு. குன்றின் மேல் வீடு கட்டியவர்கள் வண்டி எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் செங்குத்தாகப் படிகள், அவ்வளவுதான் தெரு. கேஸ் சிலிண்டரும் தோளில்தான் ஏறும், கட்டிலும் தோளில்தான் ஏறும். உச்சியில் இருந்தது கண்டக்டர் வீடு. அடிவாரத்தில், படி முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், ஒரு சலவைக் கடை. மகளை அந்தக் கடைக்காரருக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார். கூப்பிடு தூரத்தில் பெண் இருக்கிறாள் என்று அவருக்கும் மனைவிக்கும் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கும் கண் பட்டது. ஒரு நாள் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே வலது பக்கமாகச் சாய்ந்தாள். கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரு ஆண்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், வைத்தியம் முடிந்து அதே மாதிரி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அது வலுத்துக்கூடப் போயிருந்தது.

"நாற்காலியில வெச்சுத் தூக்குறாங்க, தெருவே வாசல்ல நின்னு பார்க்குது. இனிமே என்னைத் தூக்குறதுன்னா ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கு நான் கேள்வி கேக்கமாட்டேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பேரப்பிள்ளைகள் மேலே வந்தால் உண்டு, இல்லையென்றால் ஜன்னலும் அவளும்தான். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. ஒரு தடவை நானா நடந்து மக வீட்டுக்குப் போகணும்." கண்டக்டர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார். அவருக்கு அழுகை வந்தால் செய்கிற வேலை அது.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரியம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். தெருக்காரர்களே கூடி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்து கேட்டால், சாமான் செலவை மாநகராட்சி தருமாம். உழைப்பு தெருவினுடையதாக இருக்க வேண்டும். இதுவரை எதைக் கேட்டாலும் பிடி கொடுக்காத மாநகராட்சி, தானாக வந்து "என்ன வேணும்" என்று கேட்டதில் பாதிப் பேருக்கு நம்பிக்கையே வரவில்லை. மீதிப் பேர் உடனே சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு விளக்கு வேண்டும், ஒருவருக்குக் குப்பைத்தொட்டி வேண்டும், ஒரு மகராசன் பூச்செடி கேட்டார்.

கண்டக்டர் கைப்பிடிக் கம்பிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீடு வீடாகப் போனார். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் கர்ப்பத்தைச் சொன்னார், கிழவர் இருக்கிற வீட்டில் முட்டிவலியைச் சொன்னார், குடிக்கிறவர் வீட்டில் சும்மா சிரித்தார். கூட்டம் நடந்த அன்று படிகளிலேயே உட்கார்ந்து கை தூக்கினார்கள். கம்பி ஜெயித்தது.

அடுத்து எந்தப் பக்கம் என்ற கேள்வி. இரண்டு பக்கமும் போட்டால் ஸ்ட்ரெச்சர் போக வழியிருக்காது, ஒரு பக்கம்தான் அனுமதி என்று அதிகாரியம்மா சொல்லிவிட்டார்.

தெருவில் ஒரு வெல்டர் இருந்தார். கம்பி வேலை அவர் பொறுப்பு. "அண்ணே, வலப்பக்கச் சுவருதான் கெட்டி. இடப்பக்கம் துளை போட்டா பொலபொலன்னு உதிருது" என்றார் அவர்.

கண்டக்டர் தன் வாசலில் கீழே பார்த்து நின்றார். இடது கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக் காட்டினார். "அவளுக்கு இந்தக் கைதாம்ப்பா இருக்கு. இந்தப் பக்கம் போடு. சுவரை நான் பூசித் தர்றேன்."

தெரு முழுக்கத் தலையாட்டியது. படித்தவர்களும் ஆட்டினார்கள், அதிகாரியம்மாவும் ஆட்டினார். கண்டக்டர் சொன்ன மாதிரியே சுவருக்குச் சிமெண்ட் பூசினார், தண்ணீர் சுமந்தார், துளை போடும்போது மெஷினைத் தாங்கிப் பிடித்தார். மத்தியானத்தில் யாராவது ஒரு வீட்டில் எல்லாருக்கும் டீ வரும். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த அன்று, காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து உள்ளங்கையெல்லாம் பச்சையாக வீட்டுக்கு வந்தார். மனைவி சிரித்தாள்.

முதல் ஆளாக அவள்தான் இறங்க வேண்டும் என்று தெரு முடிவு செய்தது. இடது கையால் கம்பியைப் பிடித்தாள். இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து அடுத்த படியில் வைத்தாள். கண்டக்டர் ஒரு படி முன்னால் பின்பக்கமாகவே இறங்கினார். "தள்ளிப் போங்க, மறைக்குது" என்று அவள் அதட்ட, தெரு சிரித்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு யாரையும் தொடாமல் அடிவாரம் வரை போய்ச் சேர்ந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சலவைக் கடை வாசலில் நாற்காலி போட்டாள். வெயிலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினாள் மனைவி. கண்டக்டர் கடை ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

வெயில் சாய்ந்ததும், "வா, போகலாம்" என்றார்.

அவள் படிக்கு முன்னால் வந்து நின்றாள். கம்பி வலப்பக்கம் இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கம்பியையே பார்த்தார்கள். அவள் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பிடித்தாள். மூன்றாவது படியில் உடம்பு திருகி, அப்படியே சுவரில் மோதினாள். திரும்பி நின்று பின்பக்கமாக ஏறப் பார்த்தாள். வராத காலைப் பின்னால் தூக்கிப் போட வழியில்லை. கண்டக்டர் தாங்கியிருக்காவிட்டால் மண்டை போயிருக்கும். அணைத்துக்கொண்டு ஏற்றலாம் என்றால் அவருக்கு ஆறு படிக்கு மேல் மூச்சு தாங்கவில்லை. மற்றவர்கள் தாங்க வந்தால், அதுவும் தூக்குவதுதான் என்று கையைத் தட்டிவிட்டாள்.

"நான் இறங்குறதை மட்டுமேதான்மா நினைச்சேன். ஏறுறதை நினைக்கவே இல்ல" என்றார் கண்டக்டர்.

வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் போட்டிருந்தாலும் இதே கதைதான் அண்ணே. ஏறலாம், இறங்க முடியாது." ஆறுதலாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான். ஆனால் கண்டக்டருக்கு அது எந்த விதத்திலும் ஆறுதலாக இல்லை.

யாரோ நாற்காலியை எடுத்துவந்தார்கள். அவள் அதைப் பார்த்த பார்வையில் அவர்களே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு ஒரு ராத்திரி அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா" என்றாள் மகள்.

அந்த ஒரு ராத்திரி முடியவே இல்லை. கண்டக்டர் மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார். போன நாளெல்லாம் அந்த அதிகாரியம்மா வேறு தெருக்களுக்குப் போயிருந்தார், மற்றவர்கள்தான் இருந்தார்கள். இன்னொரு பக்கமும் கம்பி வேண்டும் என்றார். ஸ்ட்ரெச்சர் போகாது என்றார்கள். இருக்கிற கம்பியைப் பெயர்த்து மாற்றலாமா என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மாற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கே புரிந்து வாயை மூடிக்கொண்டார். ஒரு தடவை பணம் வாங்கிய தெரு மறுபடி வாங்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். யாரும் எரிந்து விழவில்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் வீடு கடைக்குப் பின்னால் இருந்த ஒரே அறை. துணி மூட்டைகளை நகர்த்தி ஒரு கட்டிலுக்கு இடம் பண்ணினார்கள். இரண்டாவது கட்டிலுக்கு இடமில்லை. கீழே வாடகைக்கு வீடு பிடிக்க அவருடைய பென்ஷன் போதாது. மேலே இருக்கிற வீட்டை, அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு யார் வாங்குவார்கள்? தினமும் அவர் இறங்கிப் போவார். மனைவி கடை வாசலில் உட்கார்ந்து, இடது கையால் துணிக்கு அடையாளச் சீட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். முகம் தெளிந்திருந்தது, உடம்பும் தேறியிருந்தது. அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏறி வரும்போதுதான் படிக்குப் படி நின்று கீழே திரும்பிப் பார்ப்பார். கோபப்படக்கூட அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

"சாப்ட்டீங்களா?" என்பாள்.

"சாப்ட்டேன்."

"பொய்."

இருட்டுவதற்குள் மேலே போகச் சொல்லி அவளே அனுப்பிவைப்பாள்.

ஒரு நாள் காலையில் அந்த அதிகாரியம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியதால் அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை. கூட ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். மற்ற தெருக்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமாம்.

"வீட்டுல அம்மா எங்கே ஐயா? அவங்களும் படத்துல இருந்தா நல்லாருக்கும்."

"மக வீட்டுல இருக்காங்க. கீழே."

அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா! அவங்களாவேவா இறங்கிப் போனாங்க?"

"அவங்களாவேதான் போனாங்க."

"யார் துணையும் இல்லாமலா?"

"ஆமா. யாரையும் தொடவே இல்ல."

"இதுக்குத்தானே ஐயா இவ்வளவு பாடுபட்டோம்" என்று அதிகாரியம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல பெண், மனசார மகிழ்ந்தார். கேமராக்காரர் கண்டக்டரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவரும் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் சிரிங்க என்றதும் சிரித்தார். படம் எடுத்து முடித்து அவர்கள் இரண்டு பேரும் இறங்கிப் போன பிறகும் கையை எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றார்.