மூன்றாவது முறை கட்டுவதற்கு முன்

1. புதன்கிழமை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒரு கம்பைலரில் நான் செய்த மாற்றம் முதன்முறையாக ஓடியது.
2. வியாழக்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசை அண்ணை அதைத் தன் பெயரில் அந்தக் கம்பைலரைத் திருத்துவோரின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினார்.
3. வெள்ளிக்கிழமை அது உடைகிறது என்று பலர் எழுதினார்கள்.
4. அண்ணை என்னிடம் வந்தார்.

அது மூலநிரலை யாரும் இறக்கித் திருத்தக்கூடிய இலவசக் கம்பைலர். மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அணி (array) ஒன்றின் எல்லையை நிரல் தாண்டினால், வரி எண்ணைச் சொல்லி நிறுத்தும் சோதனையை நான் சேர்த்தேன். யார் எதை மாற்றினார் என்று பதியும் மாற்றக் குறிப்பில் என் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே செய்தேன். ஊரில் பெற்ற பட்டத்தை ரொறன்ரோ நேர்முகத் தேர்வுகளில் யாரும் மதிக்கவில்லை. அடுத்த தேர்வில் என் பெயருள்ள அந்த ஒரு வரியைக் காட்டலாம்.

மாற்றிய கம்பைலரைக் கட்டுவதற்கு, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் வடிவமாக ஆக்குவதற்கு, ஒரு விதி உண்டு. பழைய கம்பைலர் புதியதைக் கட்டும். புதியது தன்னையே கட்டும். அப்படி வந்தது இன்னொரு முறை கட்டும். கடைசி இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் அலுவலக இயந்திரத்தில் அதற்கு ஒரு முழு நாள் போகும். அண்ணை முதல் முறை கட்டியதோடு என் மாற்றத்தை எடுத்து அனுப்பிவிட்டார். நாங்கள் இருவரும் குடியிருக்கும் வோபர்னிலிருந்து தினமும் என்னைக் காரில் ஏற்றிவரும்போது, "உது வேலையில்லாத வேலை" என்று சிரித்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, உம்மட கோட் பிழைச்சுப் போச்சு. என்ர பேரெல்லோ நாறுது."

"அனுப்பேக்க உங்கட கோட். பிழைச்சா என்ர கோடோ, அண்ணை?"

"நீர் புதுசு. உம்மட பேரில போட்டா ஆர் பாப்பினம்?"

"இப்ப எல்லாரும் வடிவாப் பாக்கினம்."

"கெதியாத் திருத்தித் தாரும். ஒவ்வொரு நாளும் உம்மை ஏத்தி இறக்கிறன், அதையாவது யோசியும்."

"திங்கக்கிழமை நான் பஸ்ஸில வாறன்."

பிழை என்னுடையதுதான். வரி எண் வைக்கும் இடத்துக்கு ஆரம்ப மதிப்புக் கொடுக்க மறந்திருந்தேன்; நினைவகத்தில் கிடந்த குப்பை அங்கே ஏறி, கடைசி இரண்டு கம்பைலர்களும் வேறுவேறாக வந்தன. மூன்றாவது முறை கட்டியிருந்தால் அவரே கண்டிருப்பார். திருத்தி, மூன்று முறையும் கட்டி, ஒப்பிட்டு, என் பெயரில் நேரே குழுவுக்கு அனுப்பினேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. என்ன விடுபட்டது, எத்தனை முறை கட்டிப் பார்த்தேன் என்று மட்டும் எழுதினேன்.

மாற்றக் குறிப்பில் சோதனை அவர் பெயரில் இருக்கிறது. திருத்தம் என் பெயரில், அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. மேசைகள் இன்னும் பக்கத்தில்தான். நான் பஸ்ஸில் வருகிறேன்.