ஏற்காட்டில் பஸ்ஸுக்கு நின்றவள்

சினிமாவில் நடிப்பதைவிட நிற்பதுதான் அதிகம். லைட்டுக்கு நிற்கணும், ஹீரோவுக்கு நிற்கணும், ஏற்காட்டில் படப்பிடிப்பு என்றால் பனிமூட்டம் விலகவும் நிற்கணும். பரதம் கற்றுக்கொண்டு காமிரா முன்னால் போய் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

சாமி புறப்பாடு

எழுபதுகளின் கடைசி. எனக்கு அது முதல் படம். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண் வேஷம். பட்டாளத்திலிருந்து கணவன் வரும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் காத்து நிற்கணும். அவ்வளவுதான், வசனம்கூடக் கிடையாது.

நான் சும்மா விடுவேனா? கழுத்தைச் சாய்த்தேன், புருவத்தை ஏற்றினேன், கண்ணை வலமும் இடமுமாக ஓட்டினேன். கடைசி வரிசைக்கும் தெரியணும் என்று மேடையில் பழகிய முகம். காமிராவோ கைக்கெட்டும் தூரத்தில். ‘கட்’ சொல்லிச் சொல்லியே டைரக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கும் சரிவராவிட்டால் மெட்ராஸிலிருந்து வேறு பெண்ணை வரவழைக்கும்படி மானேஜரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீ பஸ்ஸுக்குத்தானே நிக்கிறே? சாமி புறப்பாட்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கே!”

மேரியக்காவின் சந்தேகம்

சினிமாவை நம்பி, வந்த கச்சேரிகளையெல்லாம் வேண்டாமென்று விட்டிருந்தேன். எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

மறுநாள் காலையில் என் சேலை ரொம்பப் பளபளக்கிறது என்று காமிராமேன் குறை சொல்ல, பக்கத்துக் கிராமமான தலைச்சோலையில் நிஜமாகவே காப்பிப் பழம் பறிக்கும் மேரியக்கா தன் சேலை ஒன்றைக் கொடுத்து, தானே கட்டியும் விட்டார். சரி, நடையாவது இயல்பாக வரட்டும் என்று ரோட்டில் நடந்து பழகினேன். மேரியக்கா கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார்.

“ஏஞ்சாமி, கீழ கட்டெறும்பா இருக்குது? நொம்ப மிதிக்கறயே!”

நிஜ பஸ்

காமிராவை நான் நிற்கும் பக்கமே, சற்றுத் தள்ளிக் காப்பிச் செடிகளுக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் சினிமா பஸ் வளைவுக்கு அப்பால் காத்திருந்தது. “ஸ்டார்ட்” என்ற குரல் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. கணவன் இறங்குவான் என்று ஆவலாகக் கண்ணை விரித்தேன். இறங்கியது ஒரு கோழிக்கூடை, பின்னாலேயே அதற்குச் சொந்தக்காரர். செம்மநத்தத்திலிருந்து வரும் நிஜ பஸ்!

வண்டி நிறையக் கூட்டம், டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் போட்ட சத்தத்தில் கழுத்து, புருவம், டைரக்டர் எல்லாம் மறந்துபோய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

“ஏனுங்க, ஏறுறீங்களா, இல்ல வண்டிய ஓரங்கட்டிப்போட்டு நாங்களும் உங்களாட்டம் வேடிக்கை பாக்கட்டுங்களா?”

ஜீப்பில் வந்தவர்

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நின்றேன். இன்றோடு என் சினிமா முடிந்தது என்று நினைத்தபோது ஜீப் வந்தது. டைரக்டர் குதித்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். காமிரா ஓடிக்கொண்டேதான் இருந்ததாம். கணவன் வராமல், இவளே அவனைத் தேடிப் புறப்படுவதாகக் கதையையே மாற்றிவிட்டார்.

“அந்த முழி இருக்கே, அதுக்குத்தாம்மா நேத்துப் பூரா உன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்!”

டீச்சரம்மா பார்த்த படம்

படம் ஓடியது. பஸ் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நடனம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா மட்டும், நான் சினிமாவுக்குப் போன நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒருநாள் திடீரென்று வீட்டுக்கு வந்தார். படம் பார்த்துவிட்டாராம். நான் காப்பி கொடுத்தேன். நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார்.

“நல்லவேளை, ஒரு இடத்துலகூட நீ ஆடலை. நான் சொல்லிக்கொடுத்தது தப்பிச்சுது!”

ஆடக் கற்றுக்கொண்டதற்கு ஒரு கைதட்டும் தராத சினிமா, பஸ்ஸைப் பார்த்துத் திருதிருவென்று முழித்ததற்கு எனக்கு அடுத்த நாலு படங்களைக் கொடுத்தது.