திம்மராயனின் தகர வீடு

ஜவளகிரித் திம்மராயனுக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அவர் வாயைத் திறந்தால் காட்டோரம் மேயும் மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கூரை வேய்கிறவன் சொன்ன நாளில் வரவில்லை என்று 1953இல் கோபித்துக்கொண்டு பெங்களூருக்கே போனவர், பட்டாளத்தில் ஏலம் விட்ட இரும்புக் கொட்டகை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தூணும் சட்டமும் இரும்பு. சுவரும் கூரையும் தகரம். போல்ட்டு முடுக்கி நாலே நாளில் குடியும் புகுந்தாயிற்று. "நூறு வருசத்துக்கு அசையாது!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு வாரத்தில் மழை பிடித்தது. குழம்பில் உப்பு கூடிப்போனதற்காக மனைவி மாதம்மாளைப் பிடி பிடியென்று பிடித்தார். கூரைமேல் மழை தடதடவென்று கொட்டியதில் அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருசத்தில் மாதம்மாள் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் நல்ல வெயில். களி கட்டி தட்டிவிட்டதென்று திம்மராயன் ஆரம்பித்தார். மாதம்மாள் எழுந்து வெளியே போய், அந்தக் களியையே பிய்த்துக் கூரைமேல் வீசினாள். தகரத்தில் ஒட்டிக்கொண்ட களியை ஊர்க் காக்கையெல்லாம் கூடி டங் டங்கென்று கொத்தின.

"என்னடி இது?" என்று கத்தினார்.

"காக்காய்க்கு வெச்சா புண்ணியமுங்க" என்றாள். இரண்டும் யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து மாதம்மாள் தினமும் ஓர் உருண்டை களி கூடுதலாகவே கிண்டினாள்.