பதினைந்தாவது பொட்டு

அந்த அறைக் கதவைத் திறந்தால் முதலில் குளிர்தான் முகத்தில் அடிக்கும். பிறகு அந்த இரைச்சல்... ஒரு பெட்டிக்குள் நூறு மின்விசிறிகளை அடைத்து வைத்தது போல.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஒபிஸ் அது. வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், இருபது வருஷம் அங்கே தேத்தண்ணி ஊற்றினேன், கூட்டித் துடைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன என்னை நம்பித்தான் அந்த சர்வர் அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பைத் தந்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை. இப்போதும்தான்.

அந்த நாளில் ஒரு மெஷினுக்கு ஒரு வேலை. ஒன்று ஈமெயில், ஒன்று சம்பளம், ஒன்று கொன்டெய்னர் விபரம். ஒன்று பழுதானால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். புதிது வரக் கிழமைக்கணக்காகும். ஏசி நின்றால் எல்லாரும் ஓடிவந்து கதவைத் திறந்து வைத்து மட்டையால் விசுக்குவார்கள்.

சரஸ்வதி பூசை நாளான வாணி விழாவுக்கு மெஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. பதினைந்து பொட்டு.

ரஞ்சனி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் அந்தப் பிரிவுக்குத் தலைவி. மாதக்கணக்காக முதலாளியின் பின்னால் நின்று இரண்டு பெரிய மெஷின் வாங்க வைத்தாள். பழையவை செய்த வேலை எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள்ளேயே ஓட்டலாமாம். வேர்ச்சுவல் என்று அதற்குப் பெயர்.

"எப்பிடிப் பிள்ளை, ரெண்டுக்குள்ள அத்தனையும்?"

"வெள்ளவத்தை ஃபிளாட் மாதிரி அக்கா. கட்டடம் ஒண்டு, வீடுகள் வேற வேற. ஒரு வீட்டுச் சண்டை மற்ற வீட்டுக்குப் போகாது."

"எங்கட ஃபிளாட்டில எல்லாம் கேக்கும்."

சிரித்தாள். "கரண்டும் மிச்சம், ஏசியும் மிச்சம். புது மெஷின் தேவையெண்டால் பத்து நிமிசத்தில உள்ளுக்கயே செய்யலாம். ஒரு கட்டடம் விழுந்தாலும் சனம் முழுக்க மற்றக் கட்டடத்துக்கு மாறியிடும்."

முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். "போயா லீவுக்குள்ள முடிச்சுப்போடுங்கோ. அடுத்த நாள் காலமை ஒரு வேலை நிண்டாலும், எல்லாத்தையும் பழையபடி மாத்திப்போட்டு நீங்க வேற இடம் பாருங்கோ."

பௌர்ணமிப் போயா அன்று தேத்தண்ணிக்காக என்னையும் வரச் சொன்னார்கள். பின்னேரம் மூன்று மணிக்குள் ரஞ்சனியின் லிஸ்டில் இருந்த அத்தனையும் புது மெஷின்களுக்குள் போய்விட்டன. பழையவற்றை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வேலையாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் ஓடியது.

ஒன்றைத் தவிர.

துறைமுக கேட் பாஸ் அடிக்கிற புரோகிராம் திறக்கவில்லை. அது இல்லாவிட்டால் விடிந்ததும் ஒரு லொறியும் துறைமுகத்துக்குள் போகாது. அதைப் போட்டவர் எப்போதோ கனடாவுக்குப் போய்விட்டார். எந்த மெஷினில் ஓடியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரஞ்சனி லிஸ்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தொட்டு எண்ணினாள். "பதினாலும் சரியாத்தானே கிடக்கு..."

நான் மனதுக்குள் என் பொட்டுகளை எண்ணினேன்.

பதினாலு அந்த அறையில். பதினைந்தாவது, நான் தேத்தண்ணி ஊற்றுகிற பன்ட்ரியில் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. பழைய பெட்டி, சத்தம் மட்டும் வரும். அன்று காலை, "பழசெல்லாம் இண்டைக்கு நிப்பாட்டுறது" என்று அவர்கள் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. உதவி செய்கிறேன் என்று நினைத்து, நானே அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு தண்ணி கொதிக்க வைக்கிற என் கேத்திலைச் செருகியிருந்தேன்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் வேலை போகும். இரண்டு தரம் கதவுவரை போய்த் திரும்பினேன்... கேத்தில் அதே பிளக்கில் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் தரம் உள்ளே போனேன்.

"பிள்ளை, உங்கட லிஸ்டில பதினாலு. நான் பொட்டு வைக்கிறது பதினைஞ்சு."

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"பன்ட்ரியில ஒண்டு இருக்கு. காலமை நான்தான் பிளக்கைக் கழட்டினனான்."

அவள் ஏசவில்லை. ஓடினாள்.

பிளக்கைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பப் போட்டாள். கறகறவென்று இழுத்துவிட்டு நின்றது. "வருசக்கணக்கா நிக்காமல் ஓடினது அக்கா. இதுகள் ஒருக்கால் நிண்டால் எழும்பாதுகள்" என்றாள். பெட்டியின் மூலையில் நான் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது தரம் பச்சை லைட் வந்தது.

ரஞ்சனி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, அதற்குள் இருந்ததை எல்லாம் புது மெஷினுக்குக் கொப்பி பண்ணினாள். ஆறு மணிவரை நான் அந்தப் பிளக்குக்குக் காவல் நின்றேன். அன்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. கடைசியில் பிரின்டரிலிருந்து ஒரு கேட் பாஸ் வந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

அடுத்த நாள் லொறிகள் போயின. முதலாளி கேட்டார், "பிரச்சினை ஒண்டும் வரேல்லையோ?"

"லிஸ்டில ஒண்டை நான் விட்டுட்டன் சேர். அக்காதான் சொன்னவ."

பிளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்றுவரை இல்லை.

அடுத்த வாணி விழாவுக்கு அறையில் இரண்டே மெஷின். ஒன்றில் ஏழு பொட்டும் மற்றதில் எட்டும் வைத்தேன். ரஞ்சனி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு நிண்டால் அதில இருக்கிறதெல்லாம் மற்றதுக்குப் போயிடுமெல்லோ அக்கா?"

ஓம், அதுவும் சரி. இரண்டிலும் பதினைந்து பதினைந்தாக வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது என் பேத்தி வெள்ளவத்தை வீட்டில் இருந்துகொண்டே, ரஞ்சனி பார்த்த அதே வேலையைப் பார்க்கிறாள். ஏசி அறை இல்லை, இரைச்சல் இல்லை. மெஷின் எங்கே என்று கேட்டால், "எங்கயோ வெளிநாட்டில அம்மம்மா, நானும் கண்டதில்லை" என்கிறாள். எத்தனை என்றால், "காலமை ஒரு கணக்கு, பின்னேரம் ஒரு கணக்கு" என்கிறாள்.

நல்லதுதான்... யாரும் பிளக்கைக் கழற்ற முடியாது.

இந்தமுறை வாணி விழாவுக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னிடம் தன் லப்டொப்பை நீட்டினாள். ஒரு பொட்டு வைத்தேன். வைத்த பிறகும் விரல் கிண்ணத்துக்குள்ளேயே நின்றது, இன்னும் எண்ணி முடியாதது போல.