சதுரப் பொத்தான் பெல்ட்

பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டியபோதுதான் அங்கே சமைக்கும் ரிஸ்தெனை முதன்முதலில் பார்த்தேன். "நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். "அந்த வீட்லயிருந்து வாத்தியாரா! புடி, இன்னொரு கரண்டி" என்று மான்கறிக் குழம்பை ஊற்றினார். அதற்கு முந்தைய ஈஸ்டரில் நடந்ததை அவரே பிற்பாடு, வெங்காயம் உரித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

அவர் கணவர் மாஹ்த்தே நவம்பரில் ஹம்மர்ஃபெஸ்ட் துறைமுக வேலைக்குப் போனவர், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். ரிஸ்தென் வெளியே மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம் "ஷிஃப்ட் மாறிடுச்சு" என்றார். அக்கா இங்காவுக்கும் அவர் கணவர் க்ளெமெத்துக்கும் மட்டும் விஷயம் தெரியும். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

ஈஸ்டருக்கு மாஹ்த்தேயின் அண்ணன் மகள் ஐலினுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் ரிஸ்தெனும் மாஹ்த்தேயும்தான். சர்ச்சில் இரண்டாவது வரிசையில் சேர்ந்து உட்கார வேண்டும். நார்வேயின் வடகோடியிலிருக்கும் எங்கள் ஊர் கௌட்டோகேய்னோவில் கல்யாணம் என்றால் நானூறு பேருக்குக் குறையாது, அத்தனை பேரும் நீலக் காக்தி, அதாவது எங்கள் சாமி இனத்து அங்கி, உடுத்தித்தான் வருவார்கள். அதன்மேல் கட்டும் பெல்ட்டில் கல்யாணமானவர்களுக்குச் சதுர வெள்ளிப் பொத்தான். ஆகாதவர்களுக்கும் உறவை அறுத்துக்கொண்டவர்களுக்கும் வட்டம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, இடுப்பைப் பார்த்தால் போதும்.

அந்த ஒரு நாள் மட்டும் தாண்டினால் போதும் என்றிருந்தது ரிஸ்தெனுக்கு. மாஹ்த்தேயின் காக்தியும் சதுரப் பெல்ட்டும் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தன. தேய்த்து மடித்துப் பையில் வைத்து, கல்யாணத்தன்று காலை க்ளெமெத்திடம் கொடுத்தார். மாஹ்த்தே முந்தின நாளே வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் கட்டிக்கச் சொல்லுங்க மாமா. வேற எதுவும் பேச வேணாம்."

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. இங்கா வந்து உடுத்திவிட்டார். கம்பளி உள்ளாடை இரண்டு அடுக்கு. அதன்மேல் காக்தி. குளிர் ஏறாமலிருக்கக் காய்ந்த கோரைப்புல்லைப் பிசைந்து மான்தோல் செருப்புக்குள் அடைத்து, காலை நுழைத்து, கணுக்காலில் நெசவுப்பட்டையை இறுக்கிச் சுற்றினார். ரிஸ்தென் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினார்.

"புல்லு குத்துதாடி?"

"தெரியல."

"குத்துதா இல்லையான்னுகூடத் தெரியாதா? காலு உன்னுதுதான?"

பெல்ட்டை மட்டும் ரிஸ்தெனே எடுத்துக் கட்டிக்கொண்டார். சதுரப் பொத்தான். இருபத்தாறு வருஷமாகக் கட்டிய கைக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசியாகப் பட்டுச் சால்வையைப் போர்த்தி, மூன்று வெள்ளிப் பதக்கங்களைக் குத்தினார் இங்கா.

சர்ச் வாசலில் காரை நிறுத்தியபோது க்ளெமெத் பையோடு ஓடிவந்தார். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். தாடியெல்லாம் உறைபனி.

"காக்திய வாங்கிக்கிட்டான். பெல்ட்டத் திருப்பிக் குடுத்துட்டான்."

"அப்ப எதைக் கட்டியிருக்கான்?" இங்காதான் கேட்டார்.

"புதுசு வாங்கியிருக்கான்." க்ளெமெத் கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வட்டம். உள்ள போயி ரெண்டாவது வரிசையில உக்காந்தாச்சு. பாதி ஊரு பாத்தாச்சு."

"மானங்கெட்டவன்! ஒரு நாளு பொறுக்க மாட்டானா?"

ரிஸ்தென் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். அழுகை வருமோ என்று காத்துப் பார்த்தாராம். வரவில்லை. வட்டப் பொத்தானுக்குப் பக்கத்தில் சதுரப் பொத்தானோடு போய் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. விட்டுப் போனவனின் பெண்டாட்டியாக அவர் ஒருத்தி மட்டும் மிச்சம்.

"வீட்டுக்குப் போயிடலாமாடி?" என்றார் இங்கா.

"ஐலினுக்கு நான்தான ஞானத்தாய்?"

"நீதான்."

"அப்ப எப்படிப் போறது?"

இங்கா தன் பையைத் துழாவி ஒரு துணிமுடிச்சை எடுத்தார். கல்யாணத்துக்கு முன் ரிஸ்தென் கட்டிய பெல்ட். அம்மா வீட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

"இவன் இப்படிச் செய்வான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? கையில இருக்கட்டும்னு எடுத்தேன், அவ்வளவுதான்."

ரிஸ்தென் கையுறையைக் கழற்றிச் சதுரப் பெல்ட்டின் கொக்கியை இழுத்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன, கொக்கி பிடிபடவில்லை. இங்கா அவிழ்த்துவிட்டார். பழைய பெல்ட் கம்பளிக்கு மேல் சுற்றி வரவில்லை. நாலு விரல் இடைவெளி.

"அப்ப நீ நூலாட்டம் இருந்த" என்றார் க்ளெமெத்.

"நீங்க வாய மூடுங்க. கால நீட்டுங்க" என்று இங்கா அவர் செருப்பிலிருந்த பட்டையை மளமளவென்று உருவினார்.

"ஏய், பனி உள்ள போகும்டி!"

"போகட்டும். சர்ச்சுக்குள்ள கொட்டிக்கலாம்."

அந்தப் பட்டையால் முதுகுப்பக்கம் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டினார். சால்வை இறங்கி மறைத்துக்கொண்டது. முன்னால் வட்டப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

சர்ச்சுக்குள் நடுவழியில் நடந்தபோது தலைகள் திரும்பின. முதலில் முகத்துக்கு, பிறகு இடுப்புக்கு. மாஹ்த்தே நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"ரிஸ்தென், நான் சொல்லலாம்னுதான்..."

"தள்ளி உக்காரு" என்றார் ரிஸ்தென். "சால்வ கசங்கும்."

அவர் தள்ளி உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் கிடந்தது. பாட்டெல்லாம் முடிகிற வரைக்கும் அது அப்படியே இருந்தது.

விருந்தில் குழம்புக்கு வரிசையில் நின்றபோது, மான் மேய்க்கும் பெர் ஐசக் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன ரிஸ்தென், வயசுப் பொண்ணு பெல்ட்ட மாத்திக் கட்டிட்டு வந்துட்டியா?"

"இல்லடா. சரியாத்தான் கட்டியிருக்கேன்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். தன் தட்டிலிருந்த மஜ்ஜை எலும்பை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தான். அந்த எலும்புக்கு என்ன ருசி என்று இன்றைக்கும் நினைவில்லை என்றார் ரிஸ்தென்.

விவாகரத்து போன இலையுதிர் காலத்தில் முடிந்தது. ரிஸ்தென் பள்ளி வேலையை விட்டுவிட்டு, இப்போது கரஷோக்கில் முதியோர் இல்லச் சமையலறையில் இருக்கிறார். பக்கத்திலேயே இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாகக் குடியிருக்கிறார்.