பங்குக் கிணறு வெட்டிய செலவு

என் கணவரின் அண்ணனை, நான் அத்தான் என்று கூப்பிடுகிறவரை, கோர்ட்டுக்கு இழுத்தது எண்பதுகளின் கடைசியில். அதற்காக இன்றுவரை ஒரு நிமிடம்கூட வருத்தப்பட்டதில்லை.

சோழபுரத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆளுக்குப் பாதிப் பங்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். மழை இல்லாத ஒரு வருடம் அது வற்றிப்போனது. கணவர் பட்டாளத்தில் இருந்தார். தாலிச் சங்கிலியை ராஜபாளையத்தில் அடகு வைத்து, ஆள் பிடித்து, வெடி வைத்து, நானே ஆழப்படுத்தினேன். அத்தான் தினமும் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊற்று வந்த மூன்றாம் நாள் அவர் மோட்டார் ஓடியது, அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது.

செலவில் பாதியைக் கேட்டேன்.

“ஒன்ன யாரு வெட்டச் சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

“ஒப்பந்தம் இல்லாட்டியும் பரவாயில்லம்மா,” என்றார் வக்கீல். “நீங்க தானமா வெட்டல. பலனை அவரும் அனுபவிச்சிருந்தா ஈடு கொடுத்தாகணும், சட்டம் இருக்கு. ஆனா அனுபவிச்சாருன்னு நாம நிரூபிக்கணும்.”

அங்கேதான் சிக்கல். அந்தக் கிணற்றில் ஒரு சொட்டும் எடுக்கவில்லை என்று அத்தான் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரே பார்த்தது, சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

வழக்கு நான்கு வருடம் இழுத்தது. வட்டி ஏறி, சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. ‘அண்ணனாச்சே, விட்டுரு’ என்று கணவர் எழுதிய கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை. சங்கிலியே போன பிறகு எனக்குப் பணம் பெரிதாக இல்லை. அந்த மனிதர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான்.

அவர் குணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரிக்கு அடுத்தவன் கிணற்றில் தண்ணீர் கேட்பதைப்போல மானக்கேடு வேறில்லை. கூண்டில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான்தான் வக்கீலுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

“அப்போ உங்க வாழைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட கெஞ்சித் தண்ணி வாங்குனீங்களோ?”

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய வக்கீல் எழுந்திருப்பதற்குள் கத்தினார்.

“தண்ணிக்கு எவங்கிட்டயும் கையேந்துறவன் நான் இல்ல! எங்க கிணத்துத் தண்ணியிலதான்யா அம்புட்டும் வெளஞ்சுது!”

நீதிபதி அதை அப்படியே பதியச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாதிச் செலவையும் வழக்குச் செலவையும் அவர் தரவேண்டும் என்று தீர்ப்பானது. வக்கீல் மூலம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டார். நேரில்தான் வாங்குவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கோர்ட் வராந்தாவில், ஊர்க்காரர்கள் பார்த்திருக்க, எண்ணி நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

“செத்த பொறுங்க அத்தான். இன்னொரு தடவ எண்ணுங்க, எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி,” என்றேன்.

எண்ணினார்.